மூடிய ஜன்னலோரச் செடிகள்

முதல் மொட்டு உதிர்ந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை மொட்டு விட்டிருக்கிற செடியில் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் கிடந்ததைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மறுநாள் அதே தண்டில் இன்னொன்று மஞ்சளடித்திருந்தது. விரல் பட்டதும், அதற்காகவே காத்திருந்த மாதிரி கையோடு வந்துவிட்டது.

அவளுக்கு வேலை பல்செட் செய்கிற பட்டறையில். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் மெழுகு வார்த்து, ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அடுக்குமாடியில் அவளுக்குப் பல்செட்டுக்காரி என்றே பெயர். புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். விடிவதற்குள் டிப்போவுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். வீட்டில் பகல் முழுக்க இருப்பது மாமனார் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெஞ்சாதி போன பிறகு மகனோடு வந்து, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் தங்கிவிட்டார். எழுபத்தைந்து தாண்டியும் முதுகு வளையவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரோ விசில் அடிக்கப்போகிறார்கள், இவர் எழுந்து நிற்கப்போகிறார் என்றே தோன்றும்.

ஆர்க்கிட் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், செடிக்கடை வாசலில் குப்பைக்குப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான். பூ முடிந்ததும் யாருக்கும் வேண்டாமல் போய், வேர் அழுகிக் கிடந்த செடிகள். கடைக்கார அம்மா, "எடுத்துட்டுப் போயேன், எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள். அழுகின வேரை வெட்டி, மரப்பட்டைத் துண்டுகளில் நட்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அளந்து தண்ணீர் விட்டு, இரண்டு வருஷம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குளிர்காலத்தில்தான் அத்தனை தொட்டியிலும் ஒன்றாகப் பூந்தண்டு கிளம்பியிருந்தது. தொட்டிகள் இருந்தது மாமனார் அறை ஜன்னலில், அவருக்கும் பெருமைதான். காலையில் டீ டம்ளரோடு வந்து ஜன்னல் முன்னால் நின்று, "என்னம்மா, எல்லாரும் ஒழுங்கா வரிசையில நிக்கிறாங்களா?" என்பார்.

இரண்டாவது மொட்டு உதிர்ந்த அன்று, "இன்னிக்கு ஒரு ஆளு ஆப்சென்ட் போலிருக்கே" என்றார்.

"நேத்தும் ஒண்ணு மாமா."

"சொல்லாம கொள்ளாம லீவு எடுக்கிற பசங்களை நான் விடவே மாட்டேன்" என்று சிரித்துவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தலை கொஞ்சம் கனக்குது. பனி புடிச்சிருக்கு போல."

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்தின் பின்பக்கச் சுவரைச் சுரண்டிப் பூசுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. சாரம் கட்டி, மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் படுதா தொங்கவிட்டிருந்தார்கள். முதல் வாரம் சுரண்டியதோடு சரி, பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூலிக்காரர்கள் வரவில்லை. படுதா மட்டும் ஈரத்தோடு காற்றில் புடைப்பதும் சுவரோடு ஒட்டிக்கொள்வதுமாக, நோயாளி மூச்சு விடுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அறைகளில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வெளிச்சம் குறைந்தால் மொட்டு தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். 'இதுதான் காரணம், கண்டுபிடித்தாயிற்று' என்று தொட்டிகளையெல்லாம் மாமனார் அறையிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு மாற்றினாள். அங்கே ஒரு பக்கம் படுதா விலகியிருந்ததால் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. பக்கத்தில் ஒரு மர அலமாரிக்குள் கேஸ் ஹீட்டர் இருந்தது. குளிக்க வெந்நீர், பாத்திரம் கழுவ வெந்நீர், குளிர்காலத்தில் குழாய் வழியாக அறைகளுக்குச் சூடு, எல்லாம் அதிலிருந்துதான். செடிகளுக்குக் கதகதப்பாகவும் இருக்கும் என்று நினைத்தாள்.

ஒரே வாரத்தில் சமையலறை ஜன்னலோரம் உதிர்ந்த மொட்டுகளாகக் கிடந்தது.

செடிக்கடை அம்மாவிடம் போனாள். அந்த அம்மா ஒரு கையால் வாளிகளில் தண்ணீர் மாற்றிக்கொண்டே மறு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"இடம் மாத்தினியா?"

"மாத்தினேங்க. ஆனா மாத்தறதுக்கு முன்னாலயே விழ ஆரம்பிச்சிடுச்சு."

"பூச்சி?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டேன். பட்டறையில எங்கிட்ட நல்ல கண்ணாடி இருக்கு. ஒண்ணும் இல்ல."

"தண்ணி ஜாஸ்தியா விட்டிருப்பே."

"வேரை எடுத்துப் பாத்தேங்க. பச்சையா கெட்டியா இருக்கு."

"அப்ப ஜன்னல் சந்துல குளிர்காத்து அடிக்கும். மொட்டுக்கு அது எமன். நல்லா அடைச்சுடு. அப்புறம் பக்கத்துல பழம் எதுவும் வச்சிருக்கியா? பழுக்கிற பழத்துல இருந்து ஒரு வாயு வரும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மொட்டு மொத்தமும் கொட்டிடும். ஒரு தடவை ஆப்பிள் கூடையை உள்ள வச்சிட்டு ஒரு ஷெல்ஃபே போச்சு எனக்கு. புகை பட்டாலும் அப்படித்தான்."

"எங்க வீட்ல யாரும் சிகரெட் புடிக்கறதில்லீங்க."

"அப்ப பழம்தான். போய்ப் பாரு."

வீட்டில் மேஜைமேல் வாழைப்பழமும் ஆப்பிளும் இருந்தன. பழக்கூடையைத் தூக்கி வாசல் பக்கம் செருப்பு அலமாரிமேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனை ஏணியில் ஏற்றி, சமையலறை ஜன்னலிலும் மாமனார் அறை ஜன்னலிலும் சந்து சந்தாக ரப்பர் பட்டை ஒட்டி, அதன்மேல் அகலமான டேப் போட்டு அடைக்கச் சொன்னாள். மேலே காற்றுப் போக விட்டிருந்த ஓட்டைக்கும் அட்டை வெட்டி ஒட்டினார்கள். அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. லீவு நாள்ல மட்டும் எனக்குத் தலைவலி வருது பாரு. வேலைக்குப் போனா ஒண்ணும் இல்ல. இந்த உடம்புக்குச் சொகுசு ஒத்துக்கல."

"எனக்கும்தான் விண்ணு விண்ணுன்னு இருக்கு. மூடி மூடி வச்சிருக்கோம்ல, உள்ள ஒரே புழுக்கம்."

அவள் சொன்னது வாஸ்தவம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம் கோத்து, காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி வழிந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஆர்க்கிட்டுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். பணம் கொடுத்து மெஷின் வாங்கி வைக்கிறவர்கள் உண்டு, நமக்கு வீடே அப்படி அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மாமனார் மாற ஆரம்பித்தது எப்போது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவர்களால் சொல்ல முடியவில்லை. முதலில் தூக்கம் அதிகமானது. அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் நாற்காலியிலேயே தலை தொங்கியிருக்கும். மத்தியானத்துக்கு மூடி வைத்துவிட்டுப் போன சூப்பும் ரொட்டியும் அப்படியே இருக்கும்.

"ஏன் மாமா சாப்பிடல?"

"சாப்பிட்டேனே."

"இதோ, அப்படியே இருக்கே."

அவர் பாத்திரத்தைப் பார்ப்பார். அவளைப் பார்ப்பார். "குமட்டிக்கிட்டு வந்துது" என்பார்.

பிறகு சட்டைப் பொத்தான் மாறிப்போனது. அந்த மனுஷருக்கு, மேல் பொத்தான் கீழ் ஓட்டையில். மகன் சரிசெய்யப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஒரு நாள் குளியலறைக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஹீட்டர் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளே பார்த்தபடி நின்றார். அவள் போய்த் தோளைத் தொட்டபோது, "இங்க காத்து கனமா இருக்கும்மா" என்றார். "கல்லு மாதிரி இருக்கு."

"காத்து எப்படி மாமா கனக்கும்?" என்று கேட்டு அவரைத் திருப்பிக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தும்போது ஹீட்டரின் சின்னக் கண்ணாடி வழியாகத் தீ மஞ்சளாக ஆடுவது தெரிந்தது. கவனித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மாமனார் தடுமாறிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் மாலை வந்து பார்த்தால் இருக்கிறதிலேயே நல்ல தண்டு, மொட்டு அதிகம் மிச்சமிருந்த தண்டு, பாதியில் முறிந்து தொங்கியது. தொட்டி சரிந்து மரப்பட்டையெல்லாம் தரையில் கொட்டியிருந்தது. மாமனார் கையில் பச்சைச் சாறு. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதை ஒடிச்சீங்களா?"

"தெரியலம்மா."

"உங்க கையிலதானே ஒட்டியிருக்கு."

"புடிச்சேன். எதையோ புடிச்சேன். கால் நிக்கல."

அவள் தரையைக் கூட்டினாள். கூட்டும்போது, இத்தனை நாளும் இவர்தான் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ என்ற நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கே கூசியது. ஆனாலும் அது போகவில்லை. புருஷன் வந்ததும் சொல்லிவிட்டாள். மாமனார் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"எல்லா மொட்டையும் உங்கப்பாதான் பிச்சுப் போடறார்னு நினைக்கிறேன். பகல்ல வேற யாரு இருக்கா?"

"சும்மா இரு. ஏன் பிச்சுப் போடறார்?"

"வேணும்னு செய்யறார்னா சொன்னேன்? அவருக்கே தெரியல. மூளை நழுவுதுங்க. பொத்தான் போடத் தெரியல, சாப்பிட்டது தெரியல. நாளைக்கு அடுப்பைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருந்தா? யாரு பார்ப்பா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அவருக்கு எங்க புரியப்போகுது" என்றாள்.

மகன் அக்காவுக்குப் போன் போட்டான். நாத்தனார் இரண்டு பஸ் மாறி வருகிற தூரத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் மேற்பார்வை வேலை, எதையும் உதறிப் பார்க்கிற கண். வந்ததும் அப்பாவைப் பார்த்து அழுதாள். "கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்று கூட்டிப் போய்விட்டாள். அடுத்த வாரம் கொண்டுவந்து விட்டபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எங்க வீட்ல அப்பா நல்லாத்தான் இருந்தாருடா தம்பி. மூணு வேளையும் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோட செஸ் ஆடினார், ஜெயிச்சார். இங்க வந்தா மட்டும் என்ன ஆகுது அவருக்கு?"

"என்னக்கா சொல்ல வரே?"

"நான் ஒண்ணும் சொல்லல. பகல் பூரா தனியாப் போட்டுட்டுப் போறீங்க. பேச ஆள் இல்ல. சாப்பாட்டை மூடி வச்சிட்டுப் போனா ஆச்சா? அதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. "அதுல என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க அக்கா? விஷமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்ன எப்படிச் சொன்னீங்க? அவ்ளோ அக்கறைன்னா நீங்களே வச்சுக்கலாமே."

"என் வீடு தெரியாதா உனக்கு? மாமியார், ரெண்டு பசங்க, ஒரே ரூமு. இந்த ஒரு வாரமும் அவர் ஹாலில்தான் படுத்தார்."

"அப்ப ஒரு இல்லம் பாத்துடலாம்" என்றான் மகன். சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை. "எங்க டிப்போ இன்ஸ்பெக்டரோட அப்பா இருக்கிற இடம். சுத்தமா இருக்குன்னாங்க. அங்க எப்பவும் ஆள் இருக்கும். இங்க ஒருநாள் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..."

மூன்று பேரும் பேசப் பேச, கிழவர் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "அவர்கிட்ட கேக்க வேணாமா?" என்றாள் நாத்தனார் கடைசியில். "கேட்டு என்னக்கா பண்றது, இன்னிக்குச் சொன்னா நாளைக்கு ஞாபகமா இருக்கப்போகுது?" என்றான் மகன். மாதம் பிறந்ததும் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று.

வந்து இரண்டு நாளில் கிழவர் மறுபடியும் நாற்காலியில் தொங்கிப்போனார்.

நம்புவதற்கு ஒரே ஒரு தொட்டிதான் அவளுக்கு மிச்சம். புதிதாக மொட்டு முளைவிட்டுக்கொண்டிருந்த ஒரே செடி. மாமனார் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று, கிழவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரமே அதைப் பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், வாசல் பக்கத்து ஜன்னலில் வைத்திருந்தாள். அது ஒரு மொட்டைக்கூட உதிர்க்கவில்லை. அன்றைக்கு, மழை பிடிவாதமாகக் கொட்டிய ஒரு புதன்கிழமை, அவள் போய்ப் பார்த்தபோது முதல் பூ விரிந்திருந்தது. வெள்ளை, நடுவில் மட்டும் ஊதாக் கோடு. அவள் சந்தோஷப்பட வாய் திறந்தாள். சந்தோஷம் வரவில்லை. வீட்டில் இருந்த நாளெல்லாம் மஞ்சளடித்து நின்ற செடி இது.

'மாமா கை படாததால்தான் பூத்திருக்கு' என்று மனசு சொன்னது. உடனே வேறொன்றும் சொன்னது: மகள் வீட்டுக்குப் போன வாரம் அவர் வீட்டில் இல்லை. அந்த வாரமும் சமையலறையில் மொட்டுகள் உதிர்ந்துகொண்டுதான் இருந்தன. தானே பெருக்கித் தள்ளியிருக்கிறாள். பெருக்கும்போது அது உறைக்கவே இல்லை.

மேஜையில் உட்கார்ந்து பர்னரைப் பற்றவைத்தாள். மெழுகுக் கத்தியைத் தீயில் காட்டி எடுத்தால் கத்தி கரியாக வந்தது. வெள்ளை மெழுகில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டது.

"யாரு என் பர்னரைத் தொட்டது?" என்று கத்தினாள்.

பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவளோடு பத்து வருஷமாக ஒன்றாக டீ குடிக்கிறவள். "நான்தான் துடைச்சு வச்சேன். ஏன்?"

"காத்து ஓட்டையை மூடி வச்சிருக்கே பாரு. மஞ்சளா எரியுது."

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே? திருகி விடு, நீலமாயிடும்."

அவள் திருகவில்லை. தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று போதாமல் மூச்சு முட்டுகிற தீ மஞ்சளாக, நெளிந்து நெளிந்து, நுனியில் கரி விட்டுக்கொண்டு ஆடும். இதே ஆட்டத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறோம். சின்னக் கண்ணாடி. அலமாரிக்குள். மாமா நின்றுகொண்டிருந்தார்.

கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. புகை பட்டாலும் அப்படித்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே?"

"எங்க வீட்ல ஹீட்டர் மஞ்சளா எரியுது" என்றாள். "நான் ஜன்னலையெல்லாம் டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்."

போன் அடித்தாள். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. புருஷனுக்கு அடித்தாள், ஓட்டும்போது அவன் போனை அணைத்துவிடுவான். எதிர்வீட்டுக்காரர்கள் நம்பர் இல்லை. இத்தனை வருஷத்தில் வாங்கி வைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போது விலாசம் தடுமாறியது. பக்கத்து மேஜைக்காரி போனைப் பிடுங்கிச் சொன்னாள். மேலங்கிகூட எடுக்காமல், மெழுகு ஒட்டின கையோடு தெருவுக்கு ஓடி, கிடைத்த வாடகைக் காரில் ஏறினாள். மழையில் வண்டிகள் ஊர்ந்தன. டிரைவர் ரேடியோவை மெல்லத் திருகிக்கொண்டே, "அவசரமாம்மா?" என்றார். அவள் கையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு வந்ததே அவள்தான். "பகல் பூரா எரியட்டும் மாமா, உங்களுக்கும் கதகதப்பா இருக்கும், செடிக்கும் நல்லது" என்று காலையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கதவைத் திறந்ததும் வெதுவெதுவென்று ஈரக் காற்று முகத்தில் அப்பியது. எந்த நாற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயங்கரமாக இருந்தது. எப்போதும்போல வீடு, எப்போதும்போல ரொட்டி மூடியிருக்கிற தட்டு. ஜன்னலெல்லாம் நீர் வழிந்துகொண்டிருந்தது.

சமையலறை வாசலில் மாமனார் குப்புறக் கிடந்தார். ஒரு கை ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது.

வாசலுக்குத் திரும்பி மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஹீட்டரை அணைத்தாள். ஜன்னல் கொக்கியைத் தள்ளினாள், நகரவில்லை. டேப்பில் நகத்தை விட்டுக் கிழித்தாள். பிசுபிசுவென்று துண்டு துண்டாக வந்தது, ரப்பர் அசையவே இல்லை. நன்றாக ஒட்டுங்கள், நன்றாக ஒட்டுங்கள் என்று அன்றைக்கு ஏணிக்குக் கீழே நின்று சொன்னவள் அவள்தான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனது. பக்கத்திலிருந்த ஆர்க்கிட் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தாள். தொட்டி கண்ணாடியோடு போய்ப் படுதாவில் மோதிச் சாரத்தில் சிதறியது. மழைக் காற்று குபீரென்று உள்ளே வந்தது. அடுத்த தொட்டியையும் எடுத்தாள். அதற்கடுத்ததையும். கண்ணாடி மிச்சமில்லாமல் போகும்வரை எறிந்தாள்.

பிறகு அவர் அக்குளில் கையை விட்டு இழுத்தாள். அந்த நெட்டை உடம்பு அசையவில்லை. படுக்கை விரிப்பை உருவிவந்து அதில் உருட்டி, தரையோடு இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படிக்கட்டில் கிடத்தி, "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கிழவரின் முகம் நல்ல ஆரோக்கியம் வந்தவர் மாதிரி சிவந்திருந்தது.

ஹீட்டரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சாரத்தில் ஏறிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுவரைச் சுரண்டும்போது தூசி போகாமலிருக்கச் கூலிக்காரர்கள் சாக்கைச் சுருட்டி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹீட்டர் புகைக்குழாயின் வாயில் திணித்திருந்தார்கள். மழை வந்ததும் அதை எடுக்க ஆள் வரவில்லை. சாக்கு நனைந்து ஊறிக் கெட்டியாகியிருந்தது. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது, மேல்வீட்டில் கரண்ட் ஹீட்டர், அதனால் இவர்கள் வீடு மட்டும்தான் மாட்டிக்கொண்டது. வெளியே போக வேண்டிய புகை, கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத விஷவாயு, வாரக்கணக்கில் வீட்டுக்குள்தான் திரும்பியிருக்கிறது. கிழவர் முகம் அப்படிச் சிவந்ததும் அதனால்தான். காண்ட்ராக்டரோடு பேசவும் புகார் எழுதவும் மகன் அலைந்தான். டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவருக்கு மறதி வியாதின்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். அவன், "நாங்களேதான் சார்" என்றான்.

ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டுப் பல நாள் வைத்திருந்தார்கள். மெல்லத் தெளிந்தார். முதலில் கிழமை கேட்டார். பிறகு ஷேவிங் சாமான் கேட்டார். நாத்தனார் கட்டிலடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே தம்பி பெஞ்சாதியிடம், "அன்னிக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதே" என்றாள். "நானும்தான் பேசினேன் அக்கா" என்றாள் இவள். நாத்தனார் ஒரு சுளையை அவளிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்த அன்று புது ஜன்னல் திறந்தே கிடந்தது. குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு அவித்து, முட்டை போட்டு, அவருக்குப் பிடிக்கிற மிளகு சூப் வைத்திருந்தாள். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

"அந்த இல்லத்துல எப்ப வரச் சொன்னாங்க?" என்றார்.

மகன் கரண்டியைத் தட்டில் வைத்தான். "எந்த இல்லம்பா?"

"உங்க டிப்போ இன்ஸ்பெக்டரோட அப்பா இருக்காரே, அது. மாசம் பொறந்ததும்னு பேசிக்கிட்டீங்களே."

"அதெல்லாம் வேணாம்பா. அதான் தெரிஞ்சுபோச்சே, உங்களுக்கு ஒண்ணுமில்ல. புகைதான்."

"புகைதான். ஆனா காது அடைக்கலப்பா அந்தப் புகை. வாயைத்தான் அடைச்சுது. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பதில் சொல்லணும்னு நினைப்பேன், சொல்லு கிளம்பி வர்றதுக்குள்ள நீங்க அடுத்த பேச்சுக்குப் போயிடுவீங்க."

அவள் எழுந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நான் பேசினது தப்பு. அவருக்கு எங்க புரியப்போகுதுன்னு சொன்னேன். செருப்பால அடிங்க."

"எந்திரிம்மா. கோவம்லாம் ஒண்ணுமில்ல. பயம்தான்." தண்ணீர் டம்ளரை நேராக நகர்த்தி வைத்தார். "இந்தத் தடவை புகை. சரி. நாளைக்கு நெஜமாவே மறதி வரும். வயசு அப்படி. அன்னிக்கும் என்னை உக்கார வச்சிட்டு என் தலைக்கு மேல இப்படித்தான் பேசுவீங்க. உங்களைக் குத்தம் சொல்லல, எல்லார் வீட்லயும் அப்படித்தான். அது எனக்குக் கேக்கும், பேசறது என் புள்ளைங்கதான்னு தெரியும். வேற யாராவது பேசினா அவ்வளவு வலிக்காது. எனக்குத் தெரியும்போதே, என் கால்ல நானே நடந்து போயிடறேன்."

"ஊர் என்னப்பா சொல்லும்?" என்றான் மகன்.

"டவுன் பஸ் எந்த நம்பர் போகுதுன்னு மட்டும் சொல்லு."

எவ்வளவோ கெஞ்சினார்கள். நாத்தனாரும் வந்து அழுதாள். அவர் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. மாதம் பிறக்கும்வரை அந்த வீட்டில் இருந்தார். முன்னைவிடக் கனிவாகக்கூட இருந்தார். ஆனால் அவர்கள் இருவரும் சமையலறையில் குரல் தாழ்த்திப் பேசினால், அறையில் அவர் நாற்காலி அசைகிற சத்தம் நின்றுவிடும். அதைக் கேட்டு அவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் மூன்று பேரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு மௌனமாக வளைய வந்தார்கள்.

போகிற அன்று மழை விட்டிருந்தது. சாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மகன் லீவு போட்டுவிட்டுக் கீழே பையோடு நின்றான். அவள் நான்காம் மாடியிலிருந்து மாமனாரோடு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கையைப் பிடிக்கப் போனாள். அவர் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.

"உன் செடியெல்லாம் போச்சே" என்றார்.

"போகட்டும் மாமா."

"அன்னிக்கு நீ விரிப்புல போட்டு இழுத்தே. தலை வாசப்படியில இடிச்சுது. 'ஐயோ மாமா, ஐயோ மாமா'ன்னு அழுதுகிட்டே இழுத்தே." ஒரு படி இறங்கினார். "அதுவும் கேட்டுதும்மா."

அவள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார். கீழே மகன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, படிக்கட்டையே பார்த்தபடி நின்றான்.